லைட்ட ஆஃப் பண்ணா வெளிச்சம் எங்க போகுது?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: ஏழாவது படிக்கிற பையன், லைட்ட ஆஃப் பண்ணா ரூம்ல இருந்த வெளிச்சம் எங்க போச்சுன்னு கேக்குறான், தாத்தா ஒளிக்கு அழிவே கிடையாதுடாங்குறாரு, இதுல பெட்ரூம் எல்இடி பல்பு வேற ஆஃப் பண்ணப்புறமும் ராத்திரி பூரா மங்கலா மினுங்குது, வெளிச்சம் உள்ளயே தங்கிருச்சாம்மாங்குறான், என்ன சொல்றது?

பல்ப முதல்ல பாத்துருவோம். அஞ்சாறு செகண்ட் மினுங்கி அணைஞ்சா உள்ள கெப்பாசிட்டர்ல (சார்ஜ கொஞ்ச நேரம் சேத்து வைக்கிற பாகம்) மிச்சமிருக்கறதுதான், விட்ருங்க. விடிய விடிய மினுங்குதுன்னா எங்கயோ கரண்ட் கசியுது. ஸ்விட்ச்ல குட்டி இண்டிகேட்டர் இருந்தா அது வழியா வரலாம், இல்லாட்டி வயரிங் பண்ணவரு பேஸ (கரண்ட் வர்ற வயர்) கட் பண்றதுக்கு பதிலா நியூட்ரல்ல (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஸ்விட்ச் போட்டிருப்பாரு, அப்படின்னா ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும், பல்பு மாத்தும்போது ஷாக் அடிக்கும், அதனால நீங்களே கை வைக்காம எலக்ட்ரீஷியன கூப்பிட்டுருங்க.

இப்ப பையனோட கேள்வி. வெளிச்சம் ரூம்ல தண்ணி மாதிரி நிரம்பி நிக்கிறதில்ல. எல்இடி சிப்புக்குள்ள எலக்ட்ரான் ஒண்ணு உசந்த எனர்ஜில இருந்து கீழ காலியா இருக்கற இடத்துல விழுது, அந்த வித்தியாசம்தான் வெளிச்சமா கிளம்புது. கிளம்பறது நீலம், மேல பூசின மஞ்சள் பூச்சு பட்டு கலந்து நமக்கு வெள்ளையா தெரியுது (போன் பிளாஷ அணைச்சுட்டு உத்துப் பாருங்க, மஞ்சப் பொட்டு தெரியும்). செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போறதுக்கு பத்தடி ரூம தாண்ட 10 நானோசெகண்ட் போதும் (செகண்ட்ல நூறு கோடில ஒரு பங்குதான் ஒரு நானோசெகண்ட்). வெள்ளை செவுருகூட ஒவ்வொரு மோதலுக்கும் கொஞ்சம் முழுங்கிரும், செகண்ட்ல பத்து லட்சத்துல ஒரு பங்குக்குள்ள நூறு மோதல் ஆயிரும், மிச்சம் ஒண்ணும் இருக்காது. முழுங்கினது செவுத்துல சூடாயிருது, அதுவும் கைக்குத் தெரியாத அளவுக்கு.

ஆக தாத்தாவுக்கு பாதி மார்க். அழியாதது எனர்ஜி, வெளிச்சம் இல்ல. அவர குறை சொல்லவும் முடியாது, வெளிச்சத்தப் பத்தி பெரிய ஆளுங்களே தப்பா நினைச்சிருக்காங்க, கண்ணுல இருந்து கதிர் வெளிய போய் பொருளத் தொடுதுன்னு நம்ம நியாய தரிசனக்காரங்களே (தர்க்கத்துக்குப் பேர்போன பழைய இந்திய தத்துவப் பிரிவு) வாதாடினாங்க, ராத்திரில அலையற மிருகங்களோட கண்ணு மின்னறத சாட்சியா காட்டி. 11ஆம் நூற்றாண்டுல இப்னு அல் ஹைதம்ங்கற அரபு விஞ்ஞானி, சூரியனப் பாத்தா கண்ணு வலிக்குதே, அப்ப வெளிச்சம் வெளிய இருந்துதான் உள்ள வருதுன்னு மடக்கினாரு. எனக்கு அந்த வாதம் ரொம்பப் புடிக்கும், கருவி எதுவும் வேண்டாம்ல.

"வெளிச்சம் அலையா துகளா"ன்னு அடுத்து கேப்பான், கேக்கட்டும், துகள் பக்கத்த வீட்லயே காட்டிரலாம். இருட்டுல மின்னுற நட்சத்திர ஸ்டிக்கர் ஒண்ணு வாங்குங்க (ரேடியம்னு சொல்லுவாங்க, இப்ப வர்றதுல ரேடியம் கிடையாது). இருட்டு ரூம்ல நல்லா மங்குற வரைக்கும் வச்சுட்டு, சைக்கிள் பின்னாடி மாட்டுற சிவப்பு எல்இடிய அது மேல பத்து நிமிஷம் அடிங்க, ஒண்ணும் ஏறாது. அப்புறம் போன் பிளாஷ பத்தே செகண்ட் காட்டுங்க, பச்சையா பளபளங்கும். வெளிச்சம் பொட்டலம் பொட்டலமா வருது, சிவப்புப் பொட்டலம் ஒவ்வொண்ணும் சின்னது, எத்தன கொட்டினாலும் அங்க எலக்ட்ரான மேல தூக்க பத்தாது, நீலம் ஒண்ணே போதும். இந்தப் பொட்டல ஐடியாவ 1905ல ஐன்ஸ்டீன் சொன்னாரு. ஏறின எலக்ட்ரான் மெதுவா ஒண்ணொண்ணா இறங்கறதாலதான் ஸ்டிக்கர் ரொம்ப நேரம் மின்னுது, அதுலயும் தங்கியிருக்கறது எனர்ஜிதான்.