கார் பேட்டரியை வீட்டிலேயே சார்ஜ் போடுவது ஆபத்தா?

பல நாள் நிறுத்தியே வைத்திருந்த காரின் 12 வோல்ட் பேட்டரியை வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் மூடிய அறையில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது, அதிலும் நிறையும் நேரத்தில், இந்த லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறி பட்டு வெடிக்கும், வெடித்தால் உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில்தான் தெறிக்கும். அதனால் காற்றோட்டமான இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இதில் சமரசமே கூடாது.

கிளிப் மாட்டும் வரிசையும் இதற்காகத்தான். சார்ஜர் அணைந்திருக்கும்போதே சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டிவிட்டு, அப்புறம் சுவிட்ச் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். பேட்டரி காரிலேயே இருந்தால் கறுப்பு கிளிப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுவது நல்லது, பொறி வந்தாலும் வாயுவுக்குப் பக்கத்தில் வராது.

வேகமாக ஏற்ற ஆசைப்படாதீர்கள். 60 ஆம்பியர்-அவர் (Ah) கொள்ளளவு உள்ள பேட்டரிக்கு 6 ஆம்பியர் மின்னோட்டம் போதும். நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜராக இருந்தால் நிம்மதி. கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி. உப்பியோ விரிசல் விட்டோ இருக்கும் பேட்டரிக்கு சார்ஜே போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.