ப்ரீக்வல் எது, எது அன்று: கேள்வியும் பதிலும்

கேள்வி: ‘ப்ரீக்வல்’ என்றால் ஒரு கதையின் முதல் பாகமா?

பதில்: இல்லை. ஏற்கெனவே வெளிவந்த கதையின் மாந்தர்களுக்கு அதற்கு முன் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னாளில் சொல்லும் படைப்பே ப்ரீக்வல். எது முதலில் வெளியானது, எது முதலில் நடந்தது என்ற இரண்டையும் பாருங்கள். இவ்விரு வரிசைகளும் முரண்பட்டால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும்.

கேள்வி: இந்தச் சொல் எப்படிப் பிறந்தது?

பதில்: தொடர்ச்சியைக் குறிக்கும் ‘சீக்வல்’ பழைய சொல், பின்தொடர்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை அதன் வேர். அதன் தலையை எடுத்துவிட்டு ‘முன்’ எனப் பொருள்படும் ‘ப்ரீ’யை ஒட்டினார்கள். 1950களில் அறிவியல் புனைகதை பற்றிய எழுத்தில் அச்சேறிய இச்சொல், 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முந்தைய தலைமுறையின் கதை 1999இல் படமானபோது எல்லோர் வாயிலும் புழங்கியது.

கேள்வி: தமிழ் நாவல்களில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

பதில்: மிக நல்ல எடுத்துக்காட்டே உண்டு. பல்லவர் காலத்தைப் பற்றிய இரு நாவல்களில் கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அதில் பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மர் மணப்பருவ மகளுக்குத் தந்தை. பிறகு, 1944இல் தொடங்கிய ‘சிவகாமியின் சபத’த்தில் அவரே இளவரசர், தந்தை மகேந்திரவர்மர் ஆட்சியில் இருக்கிறார். முந்தைய நாவலில் சக்கரவர்த்தி சிவனடியார் வேடத்தில் நாட்டுக்குள் நடமாடுவதைப் படித்திருந்த வாசகர், பிந்தைய நாவலில் மகேந்திரர் வஜ்ரபாகு என்னும் பெயரில் மாறுவேடம் பூணுவதைக் காணும்போது, மகனுடைய பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை உணர்கிறார். முன்னே எழுதியதற்குப் பின்னே வேர் வைப்பதுதான் ப்ரீக்வலின் உண்மையான வேலை.

கேள்வி: ஏற்க இயலவில்லை. நரசிம்மவர்மர் வரலாற்று மனிதர். ஒரே மன்னரைப் பற்றிய இரண்டு நாவல்கள் என்பதோடு நிறுத்த வேண்டாமா?

பதில்: இருவேறு ஆசிரியர்கள் எழுதியிருந்தால் உங்கள் வாதத்தை ஏற்பேன். இங்கே எழுதியவர் ஒருவரே. வேடம் பூணும் அந்த மன்னர் வரலாறு தந்தவர் அல்லர், கற்பனை தந்தவர்.

கேள்வி: அக்காலத்தில் அந்தச் சொல்லே இல்லையே! ஆசிரியர் நினைக்காத ஒன்றை அவர்மீது ஏற்றலாமா?

பதில்: பெயர் பிறக்கும் முன்பே பொருள் இருக்கலாம். ஆயினும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு: ‘சிவகாமியின் சபதம்’ தன் காலிலேயே நிற்கும் நாவல், முந்தையதை அறியாதவரும் முழுமையாகப் படிக்கலாம். ப்ரீக்வல் என்பது இரு நூல்களுக்கிடையிலான உறவின் பெயர், தரத்தின் பெயர் அன்று. அதனால் அந்த நாவலின் மதிப்பு குறையாது.

கேள்வி: ‘பாகுபலி’ இரண்டாம் பாகம் ப்ரீக்வல்தானே?

பதில்: தொடர்ச்சி. முதல் பாகத்தில் தொடங்கிய முன்நிகழ்வை முடித்துவிட்டு, கதையை மேலே கொண்டுசெல்கிறது.

கேள்வி: ‘பில்லா 2’?

பதில்: ஆம். 2007 படத்துக்கு 2012இல் வந்த ப்ரீக்வல்.

கேள்வி: ஃபிளாஷ்பேக் நிறைய இருந்தால் ப்ரீக்வல் ஆகாதா?

பதில்: ஆகாது. ஃபிளாஷ்பேக் ஒரே படைப்புக்குள் இருக்கும் ஒரு பகுதி. ப்ரீக்வல் தனிப் படைப்பு. தயவுசெய்து முதல் பதிலில் சொன்ன இரு வரிசைகளைப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் ‘முன்கதை’ என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் கவனத்துடன். வார இதழ்த் தொடர்களின் தலைப்பில் ‘முன்கதைச் சுருக்கம்’ என்று சென்ற வாரம் வரையிலான கதையைப் படித்துப் பழகிய வாசகருக்கு அது வேறு பொருள் தரும். முதன்முறை வரும் இடத்தில் ‘முன்கதையாகப் பின்னர் எழுதப்பட்ட நாவல்’ என்று விரித்து எழுதிவிட்டால் ஐயம் எழாது.

கேள்வி: அப்படியானால் கல்கியின் இரண்டில் எதை முதலில் படிப்பது?

பதில்: எழுதப்பட்ட வரிசையில் படியுங்கள். ‘பார்த்திபன் கனவி’ல் சிவனடியார் யார் என்னும் புதிரை, மாறுவேடக் குடும்பத்தை முன்பே அறிந்தவர் எளிதில் ஊகித்துவிடுவார்.