மூளைக் களைப்பை எண்ணில் அளக்க முடியுமா?

ரத்தச் சர்க்கரையைப் போல ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. ஆனால் அளக்க வழி உண்டு. எனக்கு நம்பகமாகப் படுவது பிவிடி (PVT, Psychomotor Vigilance Task) என்கிற எதிர்வினைச் சோதனை. திரையில் 2 முதல் 10 விநாடி இடைவெளியில், ஊகிக்க முடியாதபடி ஒரு குறி தோன்றும். உடனே பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாக 10 நிமிடம். (சலிப்பாகத்தான் இருக்கும், நோக்கமே அதுதான்.) சராசரி வேகத்தைவிட, 500 மில்லிவிநாடியைத் தாண்டிய தாமதங்கள் எத்தனை என்று பாருங்கள். களைத்த மூளை ஒரே சீராக மெதுவாவதில்லை. நடுநடுவே கோட்டை விடுகிறது.

இஇஜியில் (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) மூளையின் முன்பகுதியில் தீட்டா என்கிற மெதுவான அலைகள் கூடுவதும் ஓர் அடையாளம், ஆனால் வீட்டில் பார்ப்பது கஷ்டம்.

எதுவானாலும், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் எடுத்த உங்கள் அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம், தூக்கக் குறைவா வேலைக் களைப்பா என்று பிவிடி பிரித்துச் சொல்லாது.