கிழப்பருவத்துக்குக் கணக்கு வைத்தது யார்?

மும்பைத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, முதுமையின் சமூக வரலாற்றைப் படித்துவரும் ஒருவர் தரும் பதில்கள்.

செம்பூர்: அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் முப்பத்திரண்டுதானாமே? அப்படியானால் கிழவர்களே இல்லையா?

இருந்தார்கள். 1947இல் சராசரி ஏறத்தாழ 32தான். அதைக் கீழே இழுத்தது குழந்தைச் சாவு. பால்குடி மறக்கும் முன் போனவர்களையும் எழுபதைக் கண்டவர்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த கணக்கு அது. கிழவர்களே இல்லையென்றால் அறுபதாம் கல்யாணம் யாருக்கு நடந்தது?

சயான்: அறுபது, அறுபத்தைந்து என்று கோடு போட்டது யார்?

பணம் கொடுக்க வந்த அரசுகள். தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1889இல் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. அவர் 65 வைத்தார் என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. முதலில் 70, 1916இல்தான் 65. நம் மத்திய அரசின் முதியோர் உதவித்தொகை 1995இல் 75 ரூபாயில் தொடங்கியது. அறுபதுகளில் இருப்பவருக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய். மாத்திரைக்கே காணாது.

தாராவி: எங்கள் வீட்டில் இரும்பு ஏணி ஏறித்தான் மேல் அறைக்குப் போக முடியும். முட்டிவலியால் மாமியார் கீழே அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் படுக்கிறார். ஊரிலேயே கூட்டுக்குடும்பமாக இருந்திருந்தால் நன்றாக வைத்திருப்போமோ?

மனம் நோகாதீர்கள், அம்மா. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பலர், கை ஓய்ந்தால் ஊர் திரும்பலாம் என்றுதான் வந்தார்கள். திண்ணையும் நிலமும் உள்ளவனுக்கு அது சரி. கூலி வேலை செய்து ஓய்ந்தவனுக்கு ஊரில் யார் காத்திருந்தார்கள்? கூட்டுக்குடும்பத்தில் கிழவருக்கு மரியாதை இருந்தது. பட்டா யார் பெயரில் இருந்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள். கிழவிக்கு அதுவும் இல்லை. 1956 வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை இந்து விதவைக்குக் கணவர் சொத்தில் முழு உரிமை கிடையாது. மருமகள் போட்டால் சோறு. உங்கள் மாமியார் படுக்கையை அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அது போதும்.

முலுண்ட்: முதியோர் பெருக ஆயுள் கூடியதுதானே காரணம்?

பாதிதான். பிறப்பு குறைந்ததே பெரிய காரணம். அதனால்தான் கேரளமும் தமிழ்நாடும் முன்னால் நிற்கின்றன.

மாட்டுங்கா: வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் எட்டிப் பார்ப்பதில்லை. மீட்க முடியுமா?

2007 முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பாருங்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் கவனிக்கத் தவறினால், தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த வரி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா? பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள், ஐயா. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் உயிலோடு நிறுத்துங்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.