கரண்டு வைத்தால் இம்யூனோதெரபி கெட்டுவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. மூன்று வருடம் அடங்கியிருந்த மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்) திரும்ப வந்துவிட்டது. டாராடுமுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி போடுகிறார்கள். முதுகெலும்பு வலிக்கு ஐந்து நாள் ரேடியேஷனும் (கரண்டு வைப்பது) வேண்டும் என்கிறார் டாக்டர். 'எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட ஒரு மருந்து, அதைக் குறைக்கக் கரண்டா?' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தயங்காமல் அழைத்துப் போங்கள். மைலோமா செல்கள் கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் அழிபவை, வலியைக் குறைக்க ஒரே தடவையில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), இல்லை ஐந்து நாளில் 20 கிரே போதும் என்பது பல வருட அனுபவம்.

சொந்தக்காரர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நம் எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகள் சின்ன அளவு கதிர்வீச்சுக்கே மடியும், ரத்தம் ஊறும் மஜ்ஜையும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும்தான் அதிகம், அதனால் பெரிய பரப்பில் கொடுத்தால் ரத்த அணுக்கள் குறையும். ஆனால் அப்பாவுக்கு வலிக்கிற சில முள்ளெலும்புகளுக்கு மட்டும்தானே கொடுக்கப்போகிறார்கள்? நடுவில் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். கார்-டி என்ற இம்யூனோதெரபியிலேயே, நோயாளியின் டி செல்களை (ஒரு வகை லிம்போசைட்டுகள்) எடுத்து, அவை புற்றுநோயைத் தாக்கும்படி ஆய்வகத்தில் தயாராகும் சில வாரங்களுக்குக் கட்டியை அடக்கி வைக்க ரேடியேஷன் கொடுப்பது உண்டு. பெரும்பாலும் செல்களை எடுத்த பிறகுதான் கொடுப்பார்கள், அந்த வரிசை முக்கியம்.

அப்புறம், 'ஓரிடத்தில் கரண்டு வைத்தால் உடம்பு முழுக்க நோய் கரையும்' என்றும் யாராவது சொல்லலாம். 1953-இல் மோல் என்பவர் பெயர் வைத்த 'அப்ஸ்கோபல்' விளைவு அது. அபூர்வமாகத்தான் நடக்கும், மைலோமாவில் இன்னும் நிரூபணமாகவில்லை. வலிக்காகவும் எலும்புக்காகவும் ரேடியேஷன் கொடுங்கள், அந்த நம்பிக்கையில் வேண்டாம். இம்யூனோதெரபி என்றாலே எல்லாம் ஒன்று என்றும் நினைக்காதீர்கள். மற்றப் புற்றுநோய்களில் நன்றாக வேலை செய்த பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மைலோமா மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது மரணங்கள் கூடியதால், அமெரிக்காவில் 2017-இல் அந்த ஆய்வுகளையே நிறுத்தினார்கள். அப்பாவுக்குப் போடுவது அந்த வகை மருந்து இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கால் மரத்துப்போனாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ நடு ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள், தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். வலிக்கு நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், மைலோமாவில் சிறுநீரகம் எளிதில் பழுதாகும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் டாராடுமுமாப் போடுவதை ரத்த வங்கியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து ரத்தப் பொருத்தம் பார்க்கும் பரிசோதனையைக் குழப்பும்.