வீட்டுக்கு ஏற்ற ஸ்னோ புளோவர் (பனியை அள்ளி வீசும் இயந்திரம்): கேள்வி பதில்

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, எங்கள் டிரைவ்வே இரண்டு கார்கள் அருகருகே நிற்கும் தார்த்தரை. சிங்கிள் ஸ்டேஜ் போதுமா, டூ ஸ்டேஜ் வாங்க வேண்டுமா?

பதில்: சிங்கிள் ஸ்டேஜில் சுழலும் துடுப்பு ஒன்றே பனியை அள்ளிக் குழாய் வழியாக எறிகிறது. டூ ஸ்டேஜில் இரும்புத் திருகு பனியை உள்ளே இழுத்துக்கொடுக்க, பின்னாலுள்ள விசிறி அதை வெகுதூரம் வீசுகிறது. சக்கரங்களையும் என்ஜினே ஓட்டுகிறது. ரொறன்ரோவில் ஒரு குளிர்காலம் முழுவதற்கும் சுமார் 120 செ.மீ. பனி விழுகிறது, ஒரே தடவையில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டும் நாட்கள் அரிது. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 21 அங்குல அகலமுள்ள சிங்கிள் ஸ்டேஜ் தாராளமாகப் போதும்.

ஆனால் தீர்மானிக்க வேண்டிய இடம் டிரைவ்வேயின் நடுப்பகுதி அல்ல, அது தெருவைச் சந்திக்கும் வாசல்முனை. நகரசபையின் பனி வாரும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிச் சென்றதும், உப்பும் ஈரமும் கலந்து இறுகிய ஒரு வரம்பு அங்கே எஞ்சும். இலகுவான இயந்திரம் அதைக் குடையாமல் அதன்மேல் ஏறிவிடப் பார்க்கும். பெரும்பனிக்குப் பின் அந்த வரம்பு முழங்கால் உயரத்துக்கு வருமானால் 24 அங்குல டூ ஸ்டேஜ் வாங்குங்கள். கணுக்காலோடு நின்றுவிடுமானால் கூடுதல் பணம் வீண்செலவே.

கேள்வி (ஒட்டாவாவுக்கு வெளியே): எங்கள் டிரைவ்வே சரளைக்கல் போட்டது. அதற்கு எது பொருந்தும்?

பதில்: டூ ஸ்டேஜ் மட்டுமே. சிங்கிள் ஸ்டேஜின் துடுப்பு தரையைத் தொட்டே சுழல்வதால் கல்லையும் அள்ளி எறியும். அது சன்னலையோ பிள்ளையின் முகத்தையோ தாக்கலாம். டூ ஸ்டேஜிலும் பக்கங்களிலுள்ள ஸ்கிட் ஷூக்களை (தரையில் சறுக்கிச் செல்லும் தகடுகளை) இறக்கிப் பூட்டி, திருகைத் தரையிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. உயர்த்தி வையுங்கள்.

கேள்வி (பிரம்டன்): பெற்றோல் வாடையும் சத்தமும் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பற்றரி இயந்திரத்தை நம்பலாமா?

பதில்: சிறிய டிரைவ்வேக்கு நம்பலாம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால்தான் உள்ளிருக்கும் ஆற்றல் தெரியும். 56 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 280 வாட்-மணி. கடுங்குளிரில் அதுவும் குறையும் என்பதால் பற்றரிகளைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள் வைத்து, வேலை தொடங்கும்போது மட்டும் பூட்டுங்கள்.

கேள்வி (மொன்றியல்): அப்பாவுக்கு 68 வயது, ஷவலை விட மறுக்கிறார். பெரிய இயந்திரம் அவருக்குப் பாரமாக இருக்காதா?

பதில்: 6 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமுமான இடத்தில் 20 செ.மீ. பனி கிடந்தால் 12 கனமீட்டர். சாதாரணப் புதுப்பனியே ஏறத்தாழ ஒரு தொன் எடை வரும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் அதை அள்ளித் தூக்குவது இதயத்துக்கு ஆபத்து என்பதை அவருடைய மருத்துவரே எடுத்துச் சொல்லட்டும். டூ ஸ்டேஜ் 90 கிலோவோ அதற்கு மேலோ இருந்தாலும் தானாக நகரும், கஷ்டம் திருப்புவதில்தான். ஆகவே கைப்பிடியின் விசையை அழுத்தியதும் ஒரு பக்கச் சக்கரம் என்ஜினின் ஓட்டத்திலிருந்து விடுபடும் வகையைத் தேர்ந்தெடுத்து, அவரையே கடைக்கு அழைத்துச் சென்று திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மார்க்கம்): ஈரப்பனி குழாயை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: என்ஜினை நிறுத்துங்கள், திறப்பை எடுங்கள், எல்லாம் அசைவற்று நிற்கும்வரை பொறுத்திருங்கள், பிறகு இயந்திரத்தோடு வரும் துப்புரவுக் கோலால் மட்டும் கிளறுங்கள். என்ஜின் நின்ற பின்னும் திருகில் முறுக்கம் தங்கியிருக்கலாம். அடைப்பு விலகிய கணமே அது சுழன்று விரலைத் துண்டித்துவிடும். கையுறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கையை உள்ளே விடவே கூடாது. வாங்கும் கடையில் கோல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த மாதிரிக்குரிய ஷியர் பின்கள் சிலவற்றையும் சேர்த்து வாங்குங்கள். கட்டிப்பனியில் திருகு சிக்கும்போது அந்தப் பின் உடைந்துதான் கியர்பெட்டியைக் காப்பாற்றும். அதற்குப் பதிலாகச் சாதாரண போல்ட்டை மாட்டினால், அடுத்த முறை உடைவது கியர்பெட்டியாக இருக்கும்.