வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி எளிதில் கிடைக்க என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஒரு தோல் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) பதிவும் பார்ப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மருத்துவமனைகளில் இந்தி தெரிந்தவர்களை நியமிக்க வேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அதுவும் வேண்டியதே. ஆனால் எங்கள் வட்டாரத்தில் முதல் தடை மொழியன்று. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் இந்தியை ஒத்த உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வதால், பீகாரிலிருந்து வந்தவர் தமக்கு என்ன செய்கிறது என்பதை மருந்துக்கடையிலோ மருத்துவமனை வரிசையிலோ யாரிடமாவது சொல்லிப் புரியவைத்துவிடுகிறார். (ஒடியாவோ சந்தாலியோ மட்டும் தெரிந்தவர் பாடு திண்டாட்டம்தான்.) வேலூரிலோ, 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால், சுற்றியுள்ள விடுதிகளின் பெயர்ப்பலகைகளிலேயே வங்க எழுத்தைப் பார்க்கலாம். சிகிச்சைக்காகப் பணத்தோடு வருபவருக்கு இவ்வளவு செய்யும் இதே மாவட்டங்களில், வேலைக்கு வந்த தொழிலாளி காய்ச்சலுக்கு ஓ.பி. சீட்டு வாங்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டாக வேண்டும்.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது தொழிற்சாலைப் பதிவேடு என்பது என் கருத்து. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அவரிடமிருந்து 0.75 விழுக்காடும் நிர்வாகத்திடமிருந்து 3.25 விழுக்காடும் சந்தாவாகப் போகிறது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு மருத்துவ உரிமை வந்துவிடுகிறது. மேஸ்திரி அழைத்து வரும் ஆட்களின் பெயரோ பெரும்பாலும் இந்தப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. கேட்டால் "அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் முதன்மை முதலாளியே, அதாவது தொழிற்சாலை நிர்வாகமே, சந்தாவைக் கட்டிவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே சட்டம். அதைத் தெரியாதவர்கள் குறைவு, தெரியாததுபோல் இருப்பவர்களே அதிகம்.

பதிவு செய்ய நிர்வாகம் முன்வந்தாலும் வேலை எளிதில் முடிவதில்லை. ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் ஊரில் அண்ணனிடம் இருக்கும், ஓ.டி.பி. அங்கே போகும், அண்ணன் வயலில் இருந்தால் அன்றைக்கு அந்த வேலை நின்றுவிடும். விரல்ரேகை வைக்கலாமென்றால், சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் புரட்டி ரேகை தேய்ந்துபோனவர்களின் விரலைக் கருவி ஏற்க மறுக்கிறது. தொழிலாளர் தங்கியிருக்கும் இடத்துக்கே விடுமுறை நாளில் வந்து, கைப்பேசி எண்ணை மாற்றி, ஆதார் விவரங்களையும் புதுப்பித்துத் தரும் முகாம்களை மாவட்ட நிர்வாகம் நடத்தினால் பாதிச் சிக்கல் தீரும்.

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையைச் சிலர் காட்டுகிறார்கள். அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, வேறு மாநிலத்திலும் செல்லும். ஆனால் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை பெற்றால்தான். தோல் அரிப்பு, இருமல், முதுகுவலி என்று அன்றாடம் வருபவற்றுக்கு அந்த அட்டையால் பயனில்லை. இவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும், மருத்துவம் இலவசம். தொழிற்பேட்டைகளை ஒட்டிய நிலையங்களில் ஷிப்ட் முடிந்து வருபவருக்காக மாலையிலும் மருத்துவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

காசநோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம் நீளும். நடுவில் சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போகிறவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் அபாயம் இருக்கிறது. காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயில் அவருடைய பதிவு நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், இங்கிருந்தபடியே அவருடைய சொந்த ஊர் மையத்துக்கு மாற்றிவிடலாம். அவர் புறப்படுவது மேஸ்திரிக்கு முன்கூட்டியே தெரியும், சுகாதாரப் பணியாளருக்குத் தெரியாது. அந்தத் தகவலைச் சொல்லும் பொறுப்பை மேஸ்திரியிடமே ஒப்படைத்து, பணியாளரின் கைப்பேசி எண்ணையும் அவரிடம் கொடுத்து வைப்பதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.